பல வருடம் திறக்காத கியர் ஆயில்: ஜிப்ஸி முதல் ஏடபிள்யூடி கார் வரை முழு வழிகாட்டி

பழைய ஜிப்ஸி வாங்கியவரிடம் "ஆயில் எல்லாம் மாத்தியாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "வாங்கின அன்னைக்கே மாத்திட்டேன்" என்று சட்டெனப் பதில் வரும். அவர் சொல்வது எஞ்சின் ஆயிலை. அதே வண்டியின் அடியில் இன்னும் நான்கு இடங்களில் எண்ணெய் இருக்கிறது. அவற்றுக்கு எச்சரிக்கை விளக்கு கிடையாது, எஞ்சினுக்கு இருப்பது போல அளவு பார்க்கும் கம்பியும் கிடையாது, சர்வீஸ் பில்லில் பெரும்பாலும் ஒரு வரி கூட இருக்காது. ஏலத்தில் எடுக்கப்பட்டு இரண்டு மூன்று கை மாறிய வண்டி என்றால், அவற்றை மூடியிருக்கும் திருகு மூடிகளான பிளக்குகளைக் கடைசியாக யார் திறந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் இந்த வழிகாட்டி. மாருதி ஜிப்ஸியை வைத்தே சொல்லப் போகிறேன். அதில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக, கீழே படுத்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். தார், பொலேரோ, ஜிம்னி போன்ற மற்ற ஃபோர் வீல் வண்டிகளுக்கும் முறை இதுவே. அளவும் எண்ணெய் ரகமும்தான் மாறும். ஏடபிள்யூடி, அதாவது நான்கு சக்கரத்துக்கும் தானாகவே இழுவை போகும் கார்களின் சங்கதி கொஞ்சம் வேறு, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

எண்ணெயை மாற்றுவதைவிட, வடிந்து வருவதைப் பார்த்து வண்டியின் நிலையைத் தெரிந்துகொள்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதனால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுச் செய்தாலும், வடிக்கிற நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள்.

எங்கெங்கே எண்ணெய் இருக்கிறது

எஞ்சினுக்குப் பின்னால் கியர் பாக்ஸ். அதிலிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட் வழியாக, தனியே தொங்கும் டிரான்ஸ்பர் கேஸ்; இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது. அங்கிருந்து முன்னும் பின்னும் போகும் இரண்டு புரொப்பலர் ஷாஃப்ட்டுகளின் முனையில் இரண்டு டிஃபரென்ஷியல்கள்; இழுவையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிப்பவை. 1.3 லிட்டர் எஞ்சின் உள்ள ஜிப்ஸிக்கு நான் வைத்திருக்கும் கணக்கு சுமாராக இது: கியர் பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்பர் கேஸ் 0.8, முன் டிஃபரென்ஷியல் 2.0, பின் டிஃபரென்ஷியல் 1.5. மொத்தம் 5.6 லிட்டர். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு எண் சொன்னால் மேனுவல் சொல்வதே சரி.

எஞ்சின் ஆயில் மாதிரி இந்த எண்ணெயில் புகையும் கரியும் கலப்பதில்லை. அதனால் நீண்ட நாள் தாங்கும், உண்மைதான். ஆனால் இந்த நான்கிலும் ஃபில்டர் கிடையாது. பல் தேய்ந்து உதிரும் இரும்புத் தூள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஷாஃப்ட் நுழையும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையமான சீல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் அதுவும் உள்ளேயே தங்கும். சீல் கசிந்து அளவு குறைந்தால், மிச்சமிருக்கும் கொஞ்சம் எண்ணெய் கூடுதலாகச் சூடாகி இன்னும் வேகமாகக் கெடும். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சில கம்பெனிகள் சொல்லும் பேச்சை, ஆற்றில் இறங்கி மலையேறும் வண்டிக்கு நான் பொருட்படுத்துவதில்லை.

எந்த எண்ணெய்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு வகை இருக்கும். ஐந்து என்பது நான்கைவிட உசத்தி, அதையே எல்லாவற்றுக்கும் ஊற்றிவிடலாம் என்று கடைக்காரரே சொல்வதுண்டு. அப்படியில்லை.

டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னதும் ஹைபாய்டு வகைப் பற்கள். அவை ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு, பெரிய அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டும் போகும். சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துவிடும். அதைத் தாங்கத்தான் ஜிஎல்-5-இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் அதிகம். அதே சேர்மானம் கியர் பாக்ஸுக்குப் போனால், சில வகைகள் அங்குள்ள, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை நாளடைவில் அரிக்கும். தவிர, சின்க்ரோ வளையம் வேலை செய்ய ஓரளவு உராய்வு வேண்டும்; வழுக்கல் கூடினால் கியர் மாற்றும்போது 'கரக்' என்று சத்தம் வரும். ஆகவே கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் ஜிஎல்-4, இரண்டு டிஃபரென்ஷியலுக்கும் ஜிஎல்-5. கெட்டித்தன்மைக்கு நம் ஊர் வெயிலில் 80டபிள்யூ-90 போதும். 75டபிள்யூ-90 சிந்தெடிக் காலைக் குளிரில் கியரை லேசாக்கும். கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் ஓட்டுபவர்கள் வித்தியாசத்தை உணர்வார்கள்.

90 என்ற எண்ணைப் பார்த்து, எஞ்சின் ஆயில் 40-ஐவிட இரு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் அளவுகோலே வேறு. சூடான நிலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான்.

இன்னொரு எச்சரிக்கை: டிரான்ஸ்பர் கேஸில் பல்சக்கரத்துக்குப் பதில் செயின் இருக்கும் வண்டிகள் பலவற்றுக்கு ஏடிஎஃப் எனும் சிவப்பு நிற ஆட்டோமேட்டிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஜிப்ஸிக்கு இந்தக் கவலை இல்லை, அதில் முழுக்கப் பல்சக்கரம்தான்.

பல வருடம் கவனிக்காத வண்டி என்றால் இரண்டு முறை மாற்றுவதாகக் கணக்குப் போட்டு வாங்குங்கள். முதல் முறைக்கு மலிவான மினரல் ஆயில் போதும்.

வண்டியை நிறுத்துவது

வண்டியை ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். எண்ணெய் வெதுவெதுப்பானால் இளகி, அடியில் படிந்த கசடையும் சேர்த்து இழுத்து வரும். கை சுடும் அளவுக்குக் கொதிக்க வேண்டியதில்லை. சமதளம் அவசியம், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அளவு தவறிவிடும். ஜிப்ஸிக்குத் தரையிலிருந்து 210 மி.மீ. இடைவெளி இருப்பதால் ஒல்லியானவர்கள் ஜாக்கி இல்லாமலே அடியில் புகுந்துவிடலாம், அதுதான் உத்தமமும் கூட. தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து மட்டமாகத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரத்துக்கு இரு பக்கமும் கல் வைக்க மறக்க வேண்டாம்.

ஸ்பானர் போடும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் கிரீஸையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்துவிடுங்கள். திறந்ததும் அந்த மண் உள்ளே விழும் என்பதால் மட்டுமில்லை, தலைக்குழியில் மண் அடைந்திருந்தால் கீ முழுதாக இறங்காமல் மூலை மழுங்கிவிடும்.

முதலில் மேல் பிளக்

ஒவ்வொன்றிலும் இரண்டு பிளக் இருக்கும். அடியில் இருப்பது வடிப்பதற்கு. பக்கவாட்டில் கொஞ்சம் உயரத்தில் இருப்பது ஊற்றவும் அளவு பார்க்கவும். ஊற்றும் பிளக்கைத் திறந்த பிறகுதான் வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். எல்லா எண்ணெயையும் வடித்த பிறகு மேல் பிளக் கழன்று வரவில்லை என்றால், எண்ணெய் இல்லாத வண்டியோடு வீட்டு வாசலில் உட்கார வேண்டியதுதான். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகவும் முடியாது.

பல வருடம் திறக்காத பிளக் சுலபத்தில் அசையாது. துருவை இளக்கும் ஸ்பிரேயை முந்தின நாள் இரவே அடித்துவிடுங்கள். காலையில் பிளக்கின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு தட்டிவிட்டு, நீளமான கைப்பிடியோடு ஒரே சீராக அழுத்தம் கொடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தலை மழுங்கும். வெளியே ஆறு பட்டைத் தலை இருந்தால் ஆறு முனை பாக்ஸ் ஸ்பானரே போடுங்கள், பன்னிரண்டு முனை வேண்டாம். உள்ளே சதுரக் குழியோ ஆலன் குழியோ இருந்தால் கீ முழு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். அலுமினிய ஹவுசிங்கில் அவசரம் காட்டினால் மரை போய்விடும். அப்புறம் செலவு எண்ணெயோடு நிற்காது. எதற்கும் மசியவில்லையென்றால், மழுங்கிய தலையின் மேல் ஒரு நட்டை வெல்டு வைத்துக் கழற்றத் தெரிந்தவரிடம் போய்விடுவது நல்லது.

வடிந்து வருவதைப் பாருங்கள்

நான்கையும் ஒரே டிரேயில் வடிக்காதீர்கள். ஒன்று வடித்ததும் அளவு குறித்த பழைய கேனில் ஊற்றி எவ்வளவு வந்தது என்று எழுதிவிட்டு, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள். இந்த அளவு பல விஷயங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு கரண்டி எண்ணெயை வெள்ளைத் தட்டில் விட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக, ஆனால் வழவழப்பாக இருந்தால் பயமில்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான். வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் அதன் மேல் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை ஒட்டியிருக்கும், அதுவும் சாதாரணம். விரலில் தேய்த்தால் நெருடக் கூடாது. நெருடினால், ஊசி போன்ற சில்லுகளோ மெல்லிய செதிலோ தென்பட்டால், பேரிங்கோ பல்லோ உடையத் தொடங்கியிருக்கிறது. அந்த நிலையில் புது எண்ணெய் ஊற்றி மூடுவதில் அர்த்தமில்லை, கழற்றிப் பார்க்க வேண்டும்.

கியர் பாக்ஸ் எண்ணெயில் பொன் நிற மினுமினுப்பு தெரிந்தால் அது சின்க்ரோ வளையத்தின் பித்தளை. அதை இரும்பிலிருந்து பிரிக்க ஒரு எளிய வழி: ஒரு காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றி எண்ணெயில் மெதுவாகக் கலக்குங்கள். இரும்பெல்லாம் கவரில் ஒட்டிக்கொள்ளும், காந்தத்தைக் கவரோடு வெளியே எடுத்தால் இரும்பு தனியே வந்துவிடும். தட்டில் மிச்சமாக மின்னுவது பித்தளை. கொஞ்சம் இருந்தால் வயசுக்குத் தகுந்த தேய்மானம். நிறைய இருந்து, இரண்டாவது கியர் போடும்போது சத்தமும் வருகிறது என்றால் சின்க்ரோவுக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிஃபரென்ஷியலில்தான் இது அதிகம். ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் திடீரென்று வெள்ளத்தில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்; சுருங்கும் காற்று சீல் வழியாக வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நின்ற வண்டிகளுக்கு எஞ்சினைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சென்னைப் பதிவெண்ணோடு மலிவாக வரும் பழைய வண்டியில் நான்கு பிளக்கையும் திறந்து பார்க்காமல் விலை பேச மாட்டேன்.

வாசனையும் பார்க்க வேண்டும். அழுகிய முட்டை மாதிரி கந்தக நாற்றம் கியர் ஆயிலுக்கே உரியது, புது டப்பாவிலும் அடிக்கும். தீய்ந்த நாற்றம் வேறு. அது வந்தால் எண்ணெய் குறைந்த நிலையில் நெடுநாள் ஓடியிருக்கிறது. வழக்கத்தைவிட மிகக் கெட்டியாக, நூலாக இழுத்தபடி இறங்கினால் அதற்கும் ஒரு கதை இருக்கலாம். கிரவுன் பினியன் ஊளையிடும் வண்டியை விற்பதற்கு முன் 140 கெட்டி எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது புரோக்கர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை. 80டபிள்யூ-90 ஊற்றியதும் ஊளை திரும்பி வந்தால் குற்றம் புது எண்ணெயில் இல்லை.

காணாமல் போன எண்ணெய் எங்கே

2 லிட்டர் வர வேண்டிய முன் டிஃபரென்ஷியலிலிருந்து ஒன்றேகால்தான் வந்தது என்று வையுங்கள். மீதியைத் தேட வேண்டும். ஜிப்ஸியில் முதலில் பார்க்க வேண்டியது முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பெரிய உருண்டை நக்கிள், சக்கரம் திரும்பும் மூட்டு. அதற்குள் கிரீஸ்தான் இருக்க வேண்டும். ஆக்ஸில் உள் சீல் போனால் டிஃபரென்ஷியல் எண்ணெய் அங்கே வந்து கிரீஸைக் கரைத்து, உருண்டையின் மேல் கறுப்புக் குழம்பாக வழிந்து, டயரின் உள்பக்கம் கோடு போடும். சீல் மாற்றாமல் எண்ணெய் மட்டும் ஊற்றினால் அதுவும் அதே வழியில் போய்விடும்.

பின்பக்கம் குறைந்திருந்தால் டிரம்மைக் கழற்றுங்கள். ஆக்ஸில் சீல் வழியாக வந்த எண்ணெய் பிரேக் ஷூவை நனைத்திருக்கும். இது பிரேக் சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடக் கூடாது. எண்ணெய் ஊறிய ஷூவைத் துடைத்து மாட்டாமல் புதிதே போடுங்கள்.

கியர் பாக்ஸோடு டிரான்ஸ்பர் கேஸ் ஒட்டியே இருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் ஒன்றின் எண்ணெய் மற்றதற்குக் குடிபெயர்ந்துவிடும். ஒன்றில் அளவு குறைவு, மற்றதில் பிளக்கைத் திறந்ததும் கொட்டுகிறது என்றால் காரணம் அதுதான்.

சீலைக் குறை சொல்லும் முன் பிரீதரையும் பாருங்கள். ஒவ்வொரு ஆக்ஸில் ஹவுசிங் மேலேயும் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு மூச்சுத்துளை மூடி இருக்கும். சேறு அடைத்தால் உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு எண்ணெயை வெளியேற்றும். கழற்றி பெட்ரோலில் கழுவி, ஊதினால் காற்று போகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். அடிக்கடி தண்ணீரில் இறங்குபவர்கள் அதிலிருந்து ஒரு ரப்பர் டியூபை எஞ்சின் உயரத்துக்கு இழுத்துவிடலாம். செலவு சொற்பம், பலன் பெரிசு.

நிரப்புவது

சில ஒர்க்‌ஷாப்பில் "டீசல் விட்டு அலசிடலாம் சார்" என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். உள்ளே மடிப்புகளில் தங்கும் டீசல் புது எண்ணெயை நீர்க்க வைக்கும், பேரிங் மேல் இருக்கும் படலத்தையும் கழுவிவிடும். மலிவான கியர் ஆயிலை ஊற்றி ஓட்டி வடிப்பதே நல்ல அலசல்.

வடிக்கும் பிளக்கின் மரையையும் காந்தத்தையும் துடைத்து, வாஷர் உள்ள வகை என்றால் புது வாஷர் போட்டு மூடுங்கள். வாஷர் இல்லாத கூம்பு மரை என்றால் மரையில் கொஞ்சம் சீலன்ட் தடவினால் போதும். நுனி வரை அப்பினால் உள்ளே உதிரும்.

கெட்டி எண்ணெயைப் பக்கவாட்டுத் துளையில் ஏற்றுவதுதான் சள்ளை பிடித்த வேலை. கைப்பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒன்றரை மீட்டர் பிளாஸ்டிக் டியூபும் ஒரு புனலும் போதும். டியூபின் ஒரு முனையைத் துளையில் சொருகி, மறுமுனையை பானட் வழியாகவோ சக்கர வளைவு வழியாகவோ மேலே இழுத்துக் கட்டி, புனலில் ஊற்றுங்கள். எண்ணெய் டப்பாக்களை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றினால் சரசரவென்று இறங்கும்.

துளையின் கீழ் விளிம்பு வரை வந்து மெல்ல வழியத் தொடங்கினால் அளவு சரி. வழிவது நின்றதும் சுண்டுவிரலை உள்ளே வளைத்துப் பாருங்கள், விளிம்பு மட்டத்திலேயே எண்ணெய் விரலில் பட வேண்டும். கூட இருந்தால் நல்லதுதானே என்று வண்டியைச் சாய்த்து அதிகம் ஏற்றாதீர்கள். நுரைத்துக்கொண்டு பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியேறும்.

ஓட்டிப் பார்ப்பது, இரண்டாம் முறை

முதல் நாள் சாதாரணமாக ஓட்டுங்கள். அப்புறம் மண் பாதையிலோ மணலிலோ போய், முன் ஹப்பை (சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் நடுப்பகுதி) லாக் செய்து, 4எச்-இல் (நான்கு சக்கர இழுவை) ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். அப்போதுதான் முன் டிஃபரென்ஷியலிலும் டிரான்ஸ்பர் கேஸின் எல்லாப் பற்களிலும் புது எண்ணெய் ஏறும். காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டு வளைக்காதீர்கள். திருப்பத்தில் முன், பின் சக்கரங்கள் வேறு வேறு தூரம் போகும். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாததால் ஷாஃப்ட்டும் பற்களும் முறுக்கிக்கொள்ளும். ஹப்பைத் திறந்தே வைத்திருக்கும் வண்டியில் முன் டிஃபரென்ஷியல் மாதக்கணக்கில் சுற்றாமல் கிடந்து சீல் காய்ந்துபோகும். மாதம் ஒரு முறை ஹப்பை மட்டும் லாக் செய்து, 2எச்-லேயே (பின் சக்கர இழுவை மட்டும்) சில கிலோமீட்டர் போய் வந்தால் அது சரியாகும்; இதைத் தார் ரோட்டிலும் செய்யலாம்.

500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் மறுபடி வடியுங்கள். இந்த முறை எண்ணெய் தெளிவாக இருந்தால் நல்ல ரகத்தை ஊற்றி நிம்மதியாக இருக்கலாம். மறுபடியும் பால் நிறம் என்றால் தண்ணீர் இன்னும் புகுகிறது. மறுபடியும் சில்லு என்றால் உள்ளே ஏதோ போய்க்கொண்டிருக்கிறது. இதற்குப் பிறகு 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என் வழக்கம். மலை, சேறு, பாரம் என்றால் அதில் பாதி. ஆக்ஸில் மூழ்கும் தண்ணீரில் இறங்கினால் கணக்கே கிடையாது, உடனே திறந்து பார்க்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புது எண்ணெய் ஊற்றியதும் இதுவரை கசியாத சீல் கசியலாம். பழைய கசடு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை அது. "தொடாமல் விட்டிருக்கலாம்" என்று அப்போது யாராவது சொல்வார்கள். தொடாத பழைய எண்ணெயால் பல்லும் பேரிங்கும் போவதைவிட, சீல் மாற்றுவது எவ்வளவோ மலிவு.

ஏடபிள்யூடி கார் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே விதிகள் கடுமை. எஞ்சின் குறுக்கே இருக்கும் கார்களில், பின் சக்கரத்துக்கு இழுவை அனுப்ப முன்பக்கம் ஒரு சிறிய கியர் பெட்டி இருக்கும். பல கார்களில் அதில் எண்ணெய் அரை லிட்டர் அளவே. சைலன்சர் குழாய்க்கு அருகில் இருந்து வெந்துகொண்டிருக்கும். சிலவற்றுக்கு வடிக்கும் பிளக்கே கிடையாது. பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

பின்பக்கம் இன்னும் கவனம் வேண்டும். ஹோண்டா சிஆர்-வி ரியல் டைம் வகைகளின் பின் டிஃபரென்ஷியலுக்குள் கிளட்ச் தட்டுகள் உண்டு. அதற்கு ஹோண்டாவின் டூயல் பம்ப் ஃப்ளூயிட் மட்டுமே; 80டபிள்யூ-90 ஊற்றினால் கெடுத்துவிடும். எண்ணெய் பழசானால் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது பின்னால் முனகலும் அதிர்வும் வரும். பெரும்பாலும் எண்ணெயை மாற்றினாலே அது போய்விடுகிறது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் வண்டிகளில் பின் டிஃபரென்ஷியலுக்கு ஒரு எண்ணெய், அதோடு ஒட்டிய, பின் சக்கரத்துக்கு இழுவையைச் சேர்த்துவிடும் ஹால்டெக்ஸ் கப்ளிங்குக்கு வேறு எண்ணெய். ஐந்தாம் தலைமுறை ஹால்டெக்ஸில் மாற்றக்கூடிய ஃபில்டர் இல்லை. ஆனால் பம்பின் முன் உள்ள சல்லடை கிளட்ச் தூளால் அடைத்துக்கொள்ளும். எண்ணெயை மட்டும் மாற்றி அந்தச் சல்லடையைக் கழுவாமல் விட்டால் வேலை அரைகுறை. சுபாருவில் மேனுவல் கியர் பாக்ஸும் முன் டிஃபரென்ஷியலும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்ளும். ஆட்டோமேட்டிக் என்றால் இரண்டும் தனித்தனி. தவறான பிளக்கைக் கழற்றி, எஞ்சின் ஆயில் என நினைத்து ஆட்டோமேட்டிக் ஆயிலை வடித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

இந்தக் கார்களில் நான்கு டயரும் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டு புதுசு, இரண்டு மொட்டை என்று ஓட்டினால் சக்கரச் சுற்றளவு மாறி, கப்ளிங் நிற்காமல் உராய்ந்து, நீங்கள் ஊற்றிய புது எண்ணெயை வேக வைத்துவிடும்.

பழைய எண்ணெய்

இரண்டு முறை மாற்றினால் ஜிப்ஸியிலிருந்து மட்டும் பதினோரு லிட்டர் பழைய எண்ணெய் சேரும். சாக்கடையிலும் தென்னை மரத்தடியிலும் ஊற்றாதீர்கள். கரையானுக்கு நல்லது என்று கதவு நிலையில் பூசுவதும் வேண்டாம், அதில் உள்ள உலோகத் தூள் உங்கள் வீட்டார் கையிலும் ஒட்டும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். மூடி உள்ள கேனில் சேர்த்து, அப்படிப்பட்டவருக்கு எண்ணெய் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். பிரேக் ஆயிலையோ பெட்ரோலையோ அந்தக் கேனில் கலக்காதீர்கள், கலந்ததை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.